யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்? – எங்கள் திருமண்டலத்துக்கு ஒரு திறந்த மடல்

பேராயர் அவர்களுக்கும், திருமண்டல நிர்வாகக் குழுவினருக்கும், சேகர குருமார்களுக்கும்,

சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்த ஞாயிற்றுக்கிழமை அது. ஆராதனையில் அறிவிப்புகள் வாசிக்கும் நேரம். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், ஓய்வுநாள் பள்ளித் தேர்வு, திருமண ஓலை என்று எல்லாம் வாசித்து முடித்த பிறகு சேகர குரு (எங்கள் வட்டாரச் சபைகளின் போதகர், ஐயர் என்போம்) இன்னொரு தாளை எடுத்தார். பேராயரின் ஆளுகைக்குட்பட்ட திருமண்டலத்தின் அலுவலக முத்திரை வைத்த சுற்றறிக்கை. இன்ன வேட்பாளருக்கு நம் மக்கள் ஒருமனப்பட்டு வாக்களிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த வேட்பாளரும் முன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அவரைப் பீடத்தின் படிவரை அழைத்து, பொன்னாடை போர்த்தி, தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். "நம்முடைய மண்டபப் பிரச்சினையில் நமக்குத் துணை நின்றவர், அந்த நன்றியை நாம் மறந்துவிடக் கூடாது" என்று ஐயர் சொன்னதும் சபை கைதட்டியது.

நான் எழுந்து வெளியே போகவில்லை. போயிருக்க வேண்டும். அன்று போகாததால்தான் இன்று எழுதுகிறேன். இதற்குமுன் இரண்டு முறை பதிவுத் தபாலில் உங்களுக்கு எழுதினேன். ஒப்புகை அட்டை இரண்டு முறையும் திரும்பி வந்தது, பதில் வரவில்லை. ஆகவே இந்த முறை எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1986-ல் கிராம நிர்வாக அலுவலராக வேலையில் சேர்ந்தவன். கர்ணம், முன்சீப் என்று பரம்பரையாக வந்த பதவிகளை 1980 நவம்பரில் அரசு ஒழித்த பிறகு, தேர்வு எழுதி வேலைக்கு வந்த தலைமுறை எங்களுடையது. வருவாய் ஆய்வாளராக இருந்து, துணை வட்டாட்சியராக 2019-ல் ஓய்வு பெற்றேன். 33 வருஷம் சிட்டா, அடங்கல், பட்டா மாறுதல், எல்லைக் கல், முதியோர் உதவித்தொகை என்றே போனது. அந்த 33 வருஷமும் ஞாயிறு தவறாமல் உங்கள் பிரசங்கத்தைக் கேட்டவன். அரசியலில் வேதம் என்ன சொல்கிறது என்று நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் மேஜைக்கு எதிரே வந்து நின்றவர்களிடம்தான் தெரிந்துகொண்டேன்.

அதில் ஒருவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

2004 என்று நினைவு. நம் சபையைச் சேர்ந்த ஒரு அம்மா, ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு மனுப் போட்டிருந்தார். நான் விசாரித்து அறிக்கை அனுப்ப வேண்டும். வந்தவர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சேலை முந்தானையை அவிழ்த்து ஒரு கவரை எடுத்து, இரண்டு கையாலும் என் மேஜைமேல் வைத்தார். அது நம் கோயிலில் கொடுக்கிற காணிக்கைக் கவர். 'உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்' என்று மேலே அச்சடித்திருந்தது. உள்ளே நாலு ஐம்பது ரூபாய் நோட்டு. "தப்பா நினைக்காதீங்க ஐயா, வீட்டுல வேற கவர் இல்ல" என்றார். யார் கொடுக்கச் சொன்னது என்று கேட்டேன். சேகர கமிட்டியில் இருந்த ஒருவர் பெயரைச் சொன்னார். "ஆபீஸ்ல கவனிக்காம ஒண்ணும் நடக்காதுன்னு சொன்னாங்க" என்றார்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அறிக்கையும் அன்றைக்கே எழுதிவிட்டேன். அதைச் சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. காணிக்கைக் கவரில் லஞ்சம் வைக்கும்போது அந்த அம்மாவின் கை நடுங்கவில்லை. சபை அவருக்கு எதைச் சொல்லிக் கொடுத்திருந்தது, எதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டிருந்தது என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

நம் வேதாகமத்தில் லஞ்சத்துக்குப் பரிதானம் என்று பெயர். அழகான பழைய சொல். அதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. "முகதாட்சிணியம் பண்ணாமலும், பரிதானம் வாங்காமலும் இருப்பாயாக" என்று உபாகமம் 16-ம் அதிகாரத்தை லெக்சனில் (ஆராதனையின் வேதவாசிப்பில்) வாசிக்கும்போது, கேட்கிற யாருக்கும் அது வட்டாட்சியர் அலுவலகத்துக் 'கவனிப்பு' என்றோ, ஓட்டுக்கு வரும் கவர் என்றோ படுவதில்லை. ஏதோ மோசே காலத்து இஸ்ரவேலரின் பழக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். எத்தனையோ வருஷப் பிரசங்கங்களில் 'பரிதானம் என்றால் லஞ்சம், மாமூல், நீங்கள் ஓட்டுக்கு வாங்கும் பணம்' என்று உடைத்துச் சொன்ன பிரசங்கம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. சினிமா பார்ப்பதைக் கண்டித்தீர்கள், நகை போடுவதைக் கண்டித்தீர்கள். நாலு ஐம்பது ரூபாய் நோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் இது சின்ன விஷயமா? வாக்காளருக்குப் பணம் போனதற்காகவே 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தல் ரத்தானது. 2017-ல் ஆர்.கே. நகர், 2019-ல் வேலூர். அந்த ஊர்களிலெல்லாம் நமக்கும் கோயில்கள் உண்டு, வாக்காளர்கள் உண்டு. அங்கெல்லாம் வாங்காமல் இருந்தவர்கள் கிறிஸ்தவர்கள் என்று யாராவது பேசினார்களா? நான் கேள்விப்படவில்லை.

சரி, பரிதானத்தை விடுங்கள். அதற்கு முன்னால் நிற்கிற இன்னொரு சொல்லுக்கு வருகிறேன். முகதாட்சிணியம். முகம் பார்த்துச் செய்வது. நம்ம ஆள், நம்ம சபை, நம்ம சாதி, நம்ம ஐயருக்கு வேண்டியவர். காசு வாங்காதவன்கூட இதில் விழுந்துவிடுகிறான். நானும் விழுந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சேகர குருவின் மைத்துனர் பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்தார். வரிசையில் அவருக்குமுன் பதினேழு மனுக்கள் இருந்தன. ஐயர் ஒரு வார்த்தை சொன்னார் என்பதற்காக அந்த மனுவை மேலே எடுத்து வைத்தேன். ஒரு பைசா வாங்கவில்லை. நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தேன். அடுத்த வாரம், பதினேழில் ஒருவரான ஒரு முஸ்லிம் பெரியவர் வந்து, "தம்பி, என் மனு எந்த இடத்துல இருக்கு?" என்று சாந்தமாகக் கேட்டபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருடைய இடத்தைத்தானே நான் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

இனி மண்டபத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நன்றி சொல்லிக் கைதட்டினோமே, அந்த மண்டபம்.

2011-ல் நான் அந்தப் பிர்காவில் வருவாய் ஆய்வாளர். குடியிருந்ததும் அதே ஊரில், ஆராதனைக்குப் போனதும் அதே கோயிலுக்கு. சபை கல்யாண மண்டபம் கட்டியது. மண்டபத்துக்கு வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று பின்பக்க மதிலைத் தள்ளிக் கட்டினார்கள். பின்பக்கம் இருந்தது குளத்துப் புறம்போக்கு. கீழ்மடை விவசாயிகள் மனுக் கொடுத்தார்கள். சர்வேயரோடு போய்ச் சங்கிலி பிடித்து அளந்தேன். 11 சென்ட் உள்ளே வந்திருந்தது. புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) இருக்கிற எல்லைக் கல் தரையில் இல்லை. தேடினோம். கடைசியில் மதிலின் அஸ்திவாரத்தில், மற்றக் கற்களோடு கல்லாக அதையும் வைத்துப் பூசியிருந்தது தெரிந்தது. கல்லின் தலையில் அம்புக்குறி பாதி வெளியே தெரிந்தது, மீதி சிமெண்டுக்குள்.

அன்று சாயங்காலம் கமிட்டியார் ஐந்து பேரும் ஐயரும் வீட்டுக்கு வந்தார்கள். ஐயர் என் தோளில் கைபோட்டு, "தம்பி, இது ஆண்டவர் காரியம். நம்ம பிள்ளை அந்த நாற்காலியில இருக்கிறதே இதுக்குத்தான்" என்றார். எஸ்தர் புஸ்தகத்தைக்கூட எடுத்துச் சொன்னார், இப்படிப்பட்ட காலத்துக்காகவே ராஜமேன்மை கிடைத்தது என்று. எஸ்தர் தன் ஜனத்தின் உயிரைக் காக்க ராஜாவிடம் போனாள். பிறனுடைய தண்ணீருக்குள் மதில் கட்டப் போகவில்லை. அதை அப்போது சொல்ல எனக்கு நா எழவில்லை. 'ஐயர்' என்று சொல்லி வளர்ந்தவன் நான். அவருக்கு எதிரே உட்கார்ந்து பேசவே கூசும்.

ஆனாலும் மறுநாள் பி மெமோ (ஆக்கிரமிப்பு அறிக்கை) போட்டேன். நில ஆக்கிரமிப்புச் சட்டம் 7-ம் பிரிவில் நோட்டீஸ் போக எழுதினேன். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கும். திருமண்டலத்திலிருந்து ஒரு குழு அப்போதைய மக்கள் பிரதிநிதியைப் பார்த்தது. மூன்று மாதத்தில் எனக்கு மாறுதல் வந்தது. கோப்பு மேலே போனது, இறங்கவே இல்லை. அந்த வருஷம் அசனப் பண்டிகைக்கு (சபையார் சேர்ந்து உண்ணும் விருந்துக்கு) காய் வெட்ட, இஞ்சி தோல் சீவ ஊரே கூடியிருந்தது. என்னையும் என் மனைவியையும் யாரும் கூப்பிடவில்லை. உபதேசியார் (ஐயருக்கு உதவியாக இருக்கும் சபை ஊழியர்) மட்டும் இருட்டின பிறகு ஒரு தூக்குவாளியில் அசனச் சோறு கொண்டுவந்து கொடுத்தார். "நீ கல்லைத்தானேப்பா தேடுன, வேற என்ன செஞ்ச" என்றார். அவர் இப்போது இல்லை.

'உன் பிதாக்கள் நாட்டின பூர்வ எல்லைக்குறியை மாற்றாதே' என்று நீதிமொழிகளில் இருக்கிறது. எல்லையை ஒற்றிப்போடுகிறவனைச் சபித்து, ஜனங்களெல்லாரும் ஆமென் சொல்ல வேண்டும் என்று உபாகமம் 27-ல் இருக்கிறது. விவிலிய நெறியை அரசியலில் கொண்டுவர வேண்டும் என்று நீங்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறீர்கள். எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த நெறி ஒரு அரசு ஊழியன் வழியாக உங்கள் மதில்வரை வந்து நின்றபோது, அரசியல்வாதியை வைத்து அதைத் தள்ளிவிட்டீர்கள். இப்போது அதற்குக் கூலியாகச் சபையின் ஓட்டைக் கேட்கிறீர்கள். மண்டபப் பிரச்சினையில் துணை நின்றவர் என்ற வார்த்தைக்கு அர்த்தம் இதுதான். கைதட்டிய சின்னப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் 1988-ம் வருஷத்துச் சட்டப்படி வழிபாட்டு இடத்தை அரசியலுக்குப் பயன்படுத்தினால் 5 வருஷம்வரை சிறை. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123-ம் பிரிவில் ஊழல் நடவடிக்கை. ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வில் உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரி 2-ம் தேதி அதை இன்னும் இறுக்கமாகவே விளக்கியது. தெய்வ கோபம் வரும் என்று சொல்லி வாக்காளரை வளைப்பதும் அதே பிரிவில் இருக்கிறது. மற்ற மதத்தார் செய்தால் நாம் சுட்டிக்காட்டுகிற சட்டங்கள் இவை.

நீங்கள் சொல்லப்போகும் பதிலும் எனக்குத் தெரியும். நாம் சிறுபான்மை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்று மேல். நாட்டில் பல இடங்களில் ஆராதனைக்கே தடை வருகிறது. சேர்ந்து நின்றால்தான் யாராவது மதிப்பார்கள். இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மகன் வடக்கே வேலை பார்க்கிறான். கிறிஸ்துமஸ் சமயத்தில் போன் வர தாமதமானால் எனக்கும் வயிறு கலங்குகிறது.

ஆனால் நமக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் இதே பயம் இருந்தது. அவர்கள் வேறு வழி எடுத்தார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வி.எஸ். அசரியா, கிறிஸ்தவருக்குத் தனித் தொகுதி (கிறிஸ்தவர் மட்டுமே வாக்களிக்கும் தொகுதி) வேண்டாம் என்று வாதாடினார். தனியாகப் பிரித்துவிட்டால் சபை ஓட்டு எண்ணுகிற ஒரு சாதியாகிவிடும் என்பது அவர் கவலை. ஆனாலும் 1935-ம் வருஷத்துச் சட்டத்தில் தனித் தொகுதி வந்தது. சென்னை மாகாணச் சட்டசபையின் 215 இடங்களில் 8 இடம் இந்தியக் கிறிஸ்தவருக்கு. அரசியல் நிர்ணய சபையில் அந்தச் சலுகையைத் தொடரலாமா என்ற பேச்சு வந்தபோது, சிறுபான்மையோருக்கான குழுவின் தலைவராக இருந்த எச்.சி. முகர்ஜி வங்காளத்துக் கிறிஸ்தவர். சென்னையிலிருந்து போன ஜெரோம் டிசோசா இயேசு சபைக் குரு. இடஒதுக்கீட்டுத் தொகுதி வேண்டாம், மனச்சாட்சி உரிமையும் பிரசாரம் செய்யும் உரிமையும் அடிப்படை உரிமையாக இருந்தால் போதும் என்ற பக்கம் இவர்கள் நின்றார்கள். 1949 மே மாதம் அது முடிவானது. இன்றைக்கு நாம் சுவிசேஷம் சொல்லத் தூக்கிக் காட்டுகிற அரசியல் சாசனத்தின் 25-ம் பிரிவு, பேரம் பேசாதவர்கள் நமக்கு வாங்கிக் கொடுத்தது.

இவர்கள் அரசியலை விட்டு ஓடினவர்கள் இல்லை. யோசேப்பும் ஓடவில்லை, தானியேலும் ஓடவில்லை. யோசேப்பு பஞ்சத்தில் காத்தது தன் வீட்டாரை மட்டும் அல்ல, எகிப்தியரையும். தானியேல் தரியு ராஜாவின் தேசத்துக் கணக்கைப் பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்கத் தேடினவர்களுக்கே ஒன்றும் அகப்படவில்லை என்று எழுதியிருக்கிறது. நெகேமியா பன்னிரண்டு வருஷம் அதிபதியாக இருந்தும், அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை. முன்னிருந்தவர்கள் வாங்கினார்கள், "நானோ தேவனுக்குப் பயந்ததினால் இப்படிச் செய்யவில்லை" என்கிறார். இவர்களில் ஒருவராவது தன் சொந்த ஜனத்துக்கு மண்டபம் கட்ட இடம் ஒதுக்கினார் என்று வேதத்தில் பார்த்தீர்களா? யோவான் ஸ்நானகனிடம் ஆயக்காரர் (வரி வசூலிக்கிறவர்கள்) வந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, வேலையை விடச் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாக ஒன்றும் வாங்காதிருங்கள் என்றார். சேவகரிடம் "உங்கள் சம்பளமே போதுமென்றும் இருங்கள்" என்றார். சம்பள நாளில் நான் நினைத்துக்கொள்கிற வசனம் இது. 33 வருஷத்தில் அந்தச் சம்பளம் போதாத மாதங்களே அதிகம். மனைவியின் வளையல் கூட்டுறவு வங்கியிலேயே பாதிக் காலம் இருந்தது.

தலித் கிறிஸ்தவர்களுக்கு 1950-ம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை மூடின பட்டியல் சாதி அந்தஸ்து என்ற கதவைத் திறக்கச் சொல்லி அரசிடம் கேளுங்கள். சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் திறந்த கதவு அது. நானும் கையெழுத்துப் போடுகிறேன். அது நியாயம். திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் வாயைத் திற என்று வேதம் சொல்வது அதைத்தான். அதே மூச்சில், சாதிவாரியாகப் பிரித்த கல்லறைத் தோட்டம் எந்தச் சேகரத்தில் இன்னும் இருக்கிறது என்ற கணக்கையும் எடுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனம் வலிப்பது நம் சொந்தத் தேர்தல். பெருமன்றத்துக்கு (திருமண்டலத்தின் ஆளும் சபைக்கு) ஆள் அனுப்பும் தேர்தலில் இரண்டு அணி, நோட்டீஸ், வண்டி, விருந்து. கடந்த முறை என் வீட்டுக்கும் ஒரு கவர் வந்தது. கொண்டுவந்தவர் எனக்கு ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்தியவரின் மகன். "எல்லாருக்கும் கொடுக்கிறதுதான் அண்ணாச்சி, வச்சுக்கிடுங்க" என்றார். வேண்டாம் என்றதும் முகம் வாடிப் போனது, நான் ஏதோ அவரை அவமதித்துவிட்ட மாதிரி. திருச்சபைத் தேர்தலை நடத்த ஓய்வுபெற்ற நீதிபதிகளை நீதிமன்றம் நியமிக்க வேண்டிய நிலையையும் இந்த மாநிலத்தில் பார்த்துவிட்டோம். நம் வீட்டு வழக்கைத் தீர்க்க நமக்குள்ளே ஒரு விவேகி இல்லையா என்று பவுல் கொரிந்தியரைக் கேட்டார். நம்மைக் கேட்க யாரும் இல்லை.

சாமுவேலின் கதையை நீங்கள் அடிக்கடி பிரசங்கிக்கிறீர்கள். சிறுபிள்ளையாக ஆலயத்தில் படுத்திருந்ததோடு பெரும்பாலும் நிறுத்திவிடுகிறீர்கள். முதியவர் சாமுவேலைப் பாருங்கள். அவருடைய பிள்ளைகள் பொருளாசைக்குச் சாய்ந்து, பரிதானம் வாங்கி, நியாயத்தைப் புரட்டினார்கள். அதைச் சொல்லித்தான் ஜனங்கள் எங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று கேட்டார்கள். நன்றாகக் கவனியுங்கள். அரசியல் கெட்டு, அதிலிருந்து சபைக்கு நோய் பரவியதாக அங்கே இல்லை. தீர்க்கதரிசியின் வீடு கெட்டது. அதன்பிறகே ஜனங்கள் ராஜாவைத் தேடிப் போனார்கள்.

அப்புறம் 1 சாமுவேல் 12-ம் அதிகாரம். பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் சாமுவேல் ஜனங்களுக்கு முன்பாக நின்று கேட்கிறார்: "நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்? யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன்? யாருக்கு அநியாயஞ்செய்தேன்? யாருக்கு இடுக்கண் செய்தேன்? யார் கையில் பரிதானம் வாங்கிக்கொண்டு கண்சாடையாயிருந்தேன்?" எடுத்திருந்தால் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறார். என் பிள்ளைகளும் உங்களோடு இருக்கிறார்கள் என்று அவர்களையும் மறைக்காமல் சொல்கிறார்.

வருவாய்த் துறையில் வருஷா வருஷம் ஜமாபந்தி நடக்கும். பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) முடிகிற சமயம் ஒவ்வொரு கிராமத்துக் கணக்கையும் தாலுகா அலுவலகத்தில் கொண்டுபோய் மேலதிகாரி முன்னால் விரித்து வைக்க வேண்டும். ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் வந்து மனுக் கொடுக்கலாம். முதல் ஜமாபந்திக்குப் போன அன்று, பதிவேடுகளை மூட்டையாகக் கட்டிப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். எந்த வரியில் தப்பிருக்குமோ என்று கை வேர்த்துக்கொண்டே இருந்தது. சாமுவேலின் அந்த அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பஸ்தான் ஞாபகத்துக்கு வரும். பொது வேலை பார்க்கிறவனுக்கு அந்த வேர்வை வேண்டும். எம்.எல்.ஏ.வுக்கும் வேண்டும், பேராயருக்கும் வேண்டும். தர்மப்பணத்தை எடுத்துப்போன பவுலே தனியாகப் போகவில்லை, கூட ஆள் வைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மட்டும் அல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்றார்.

ஆகவே கேட்கிறேன்.

அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். வாசித்த எல்லாக் கோயில்களிலும், வாசித்த அதே அறிவிப்பு நேரத்தில், அது தவறு என்று வாசியுங்கள். இனி எந்தக் கட்சிக்காரரையும் பீடத்தின் படியில் ஏற்ற மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். ஆராதனைக்கு வந்தால் மற்றவர்களைப்போல பெஞ்சில் உட்காரட்டும்.

தேர்தல் வரும்போது யாருக்குப் போடு என்று சொல்லாதீர்கள், எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுங்கள். ஒவ்வொரு வேட்பாளரும் சொத்து, கடன், வழக்கு விவரங்களைப் படிவம் 26-ல் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்கிறார். அது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஆவணம். அதை வாசிக்கத் தெரிந்த பத்து வாலிபர் ஒரு சேகரத்தில் இருந்தால் போதும். தேர்தலுக்கு முந்தின மாதம் ஒரு ஞாயிறாவது உபாகமம் 16-ஐ எடுத்து, பரிதானம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் லஞ்சம் என்றும் ஓட்டுக்கு வாங்கும் பணம் என்றும் சொல்லிப் பிரசங்கியுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம், கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த அம்மாவைப்போல இன்னும் எத்தனையோ பேருக்கு இது தெரியாது.

பெருமன்றத் தேர்தலில் கவர் கொடுத்ததாக நிரூபணமானால், கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் ஒரு தவணை முழுக்க எந்தப் பொறுப்பும் இல்லை என்று விதி செய்யுங்கள். திருமண்டலத்தின் வரவு செலவையும், பள்ளி, கல்லூரி நியமனங்களையும், நில விவரத்தையும் வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கோயில் பலகையிலும் ஒட்டுங்கள். கேள்வி கேட்க ஒரு நாள் ஒதுக்கி, அன்று நீங்களே வந்து உட்காருங்கள்.

அரசு வேலையில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் சபைக்காகச் சலுகை கேட்பதை நிறுத்துங்கள். லஞ்சம் வாங்காததால் மாறுதலில் அலைகிற ஒரு கான்ஸ்டபிளோ கிளார்க்கோ உங்கள் சபையில் இருந்தால், பண்டிகைக்கு அவர்களை முதலில் கூப்பிடுங்கள்.

கடைசியாக, அந்த மதில். அது இன்னும் நிற்கிறது. ஓய்வுக்குப் பிறகு இதே ஊரில்தான் வீடு கட்டியிருக்கிறேன், தினமும் அந்த வழியாகத்தான் நடக்கிறேன். ஐப்பசி மழையில் குளம் நிறையும்போது தண்ணீர் வந்து மதிலில் முட்டித் திரும்புகிறது. 11 சென்ட்டைக் குளத்துக்குத் திருப்பிக் கொடுப்பதாக வட்டாட்சியருக்கு நீங்களே எழுதிக் கொடுங்கள். வருகிற பருவமழைக்கு முன்னால் மதிலை இடியுங்கள். அஸ்திவாரத்தில் அந்தக் கல் எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எந்த நாள் என்று சொல்லி அனுப்பினால் வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் திருமண்டலத்துச் சபை உறுப்பினன்,
ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர்